வாடியா வீதியும் பெரம்பூர் ஆலை வாசலும்

'மனிதர் எல்லாம் ஒரே குலம்' என்ற ஞானோபதேசம் சந்தித்த சோதனைகள்

பெங்களூர் பசவனகுடியில் காந்தி பஜார் பக்கம் போய் வருகிற தமிழர்கள் அந்தத் தெருப் பலகையைப் பார்த்திருப்பார்கள். "பி.பி. வாடியா ரோடு" என்று எழுதியிருக்கும். தெருவில் ஒரு நூலகம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, சொற்பொழிவு மண்டபம் இருக்கிறது. 'இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆப் வேர்ல்டு கல்ச்சர்' என்பது அந்த நிலையத்தின் பெயர். 1945-ம் ஆண்டு தொடங்கியது.

யார் இந்த வாடியா?

பணக்காரப் பார்சிக்காரர் யாரோ இடம் கொடுத்திருப்பார், அதனால் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பெயர்ப் பலகைகளைப் பற்றி நமக்கு அதற்கு மேல் யோசிக்க நேரம் ஏது? பஸ் வந்துவிடும்.

ஆனால் வடசென்னையிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்த குடும்பங்களுக்கு இந்தப் பெயர் அந்நியமான பெயர் அல்ல. பெரம்பூர் ஆலைகளில் வேலை பார்த்த பாட்டனாரோ, முப்பாட்டனாரோ இவருடைய பேச்சை நேரில் கேட்டிருக்கக்கூடும். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர் இவர்தான். 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி அந்தச் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

பம்பாயில் பிறந்த பார்சி, தமிழ் தெரியாதவர், பிரம்மஞான சபையில் மறைஞான நூல்களைப் படித்துக் கொண்டிருந்தவர். அவருக்கும் பெரம்பூர் ஆலைக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் அந்தச் சபையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கர்னலும் அம்மையாரும்

1875-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிரம்மஞான சபை தொடங்கியது. அதை அமைத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ரஷ்யப் பிரபு வம்சத்தைச் சேர்ந்த பிளாவட்ஸ்கி அம்மையார். மற்றவர் கர்னல் ஆல்காட். ஆல்காட் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவ ஊழல்களை விசாரித்தவர். லிங்கன் கொலை வழக்கின் விசாரணையிலும் பங்கு கொண்டவர். பிறகு வக்கீல் தொழில் செய்தவர்.

தொடங்கியபோது சபையின் நோக்கங்களில் சகோதரத்துவம் இல்லை என்பது வேடிக்கையான செய்தி. பிரபஞ்சத்தை ஆளும் விதிகளை ஆராய வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்தியாவுக்குக் கிளம்புகிற சமயத்தில்தான் 'மனிதகுல சகோதரத்துவம்' வந்து சேர்ந்தது. பிறகு அதுவே முதல் நோக்கமாயிற்று. இனம், சமயம், பால், சாதி, நிறம் என்ற ஐந்து பேதமும் பாராமல் உலக சகோதரத்துவத்துக்கு ஒரு கருவை உண்டாக்குவது என்று வகுத்துக் கொண்டார்கள்.

1879-ம் ஆண்டு பிப்ரவரியில் இருவரும் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். 1882-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை அடையாற்றுக்குக் குடிவந்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் கிளப்புக்குள் இந்தியர் நுழைய முடியாது. அக்கிரகாரத்துக்குள் சேரிக்காரர் நுழைய முடியாது. இந்த நாளில் இரண்டு வெள்ளையர் வந்து, "உங்கள் வேதமும் புத்தருடைய போதனையும் எங்களுக்குக் குரு" என்கிறார்கள். இந்தியரோடு சமமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். 1880-ம் ஆண்டு இலங்கையில் காலி நகரில் பௌத்த பஞ்சசீலமும் எடுத்துக் கொண்டார்கள். படித்தவர்கள் ஏன் திரண்டு போனார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஞானத்தில் ஒரு ஏணி

அவர்களுடைய உபதேசம் என்ன?

எல்லா மதத்துக்கும் வேர் ஒன்றே. அந்த வேரிலுள்ள ரகசிய ஞானத்தை இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் காத்து வருகிறார்கள். எல்லா உயிரும் ஒரே பெரிய உயிரின் பொறிகள். ஆகவே மனிதன் மனிதனுக்குச் சகோதரன். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சகோதரன்தான். இதுவே சாரம்.

மகாத்மாக்களிடமிருந்து கடிதம் வருவதாக அம்மையார் சொன்ன விஷயம் பெரிய சர்ச்சையாயிற்று. லண்டனிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் 1885-ம் ஆண்டு அதை மோசடி என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த வழக்குக்குள் இங்கே போக வேண்டாம். நம்முடைய விஷயம் வேறு.

1888-ம் ஆண்டு பிளாவட்ஸ்கி அம்மையார் 'ரகசிய உபதேசம்' என்ற பெரிய நூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் மனிதகுலத்தின் கதை வருகிறது. ஏழு மூல இனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக உலகில் தோன்றும். மூன்றாவது இனம் லெமூரியா என்ற கண்டத்தில் வாழ்ந்தது. நான்காவது, அட்லாண்டிஸ் என்ற கண்டத்தில். இப்போது நடப்பது ஐந்தாவது. அதற்குப் பெயர் ஆரிய இனம். இன்னும் இரண்டு வர வேண்டும்.

(லெமூரியா என்றதும் நமக்குக் குமரிக்கண்டம் நினைவு வரும். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், ஆண்டு 1864. லெமூர் என்ற ஒருவகைக் குரங்கினப் பிராணியின் தடயம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படிக் கிடைக்கிறது என்பதற்காக அவர் ஊகித்த நிலம் அது. அந்த நிலத்தில் மூன்றாவது மூல இனத்தைக் குடியேற்றியது பிரம்மஞானம். அதில் தமிழர்களைக் குடியேற்றியது நம்மவர்கள். கண்டங்களே நகர்கின்றன என்று பின்னால் விஞ்ஞானம் கண்டுபிடித்தது. மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை.)

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. எல்லாரும் சகோதரர் என்றால், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று ஏணிப்படி எதற்கு? அந்த நூலிலேயே சில பழங்குடி மக்கள் முந்தைய இனங்களின் மிச்சம் என்றும், அவர்கள் அழிந்து வருவது இயற்கையின் நியதி என்றும் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அவர்களை அழித்தது நியதி அல்ல; குடியேறியவர்களின் துப்பாக்கியும், அவர்கள் கொண்டு வந்த நோய்களும்.

பிரம்மஞானிகள் இதற்குச் சமாதானம் சொன்னார்கள். ஆன்மாவுக்கு இனம் கிடையாது. பிறவிதோறும் அது ஒவ்வோர் இனத்திலும் பிறந்து பாடம் கற்றுக்கொண்டு மேலே போகிறது. இன்று நீ நிற்கிற படியில் நேற்று நான் நின்றேன். ஆகவே கர்வப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்படியில் நிற்கிறவன் சொல்லும்போது அழகாயிருக்கிற வாதம், கீழ்ப்படியில் நிற்கிறவன் காதில் எப்படி விழும்? முன்வினைப் பயன் என்ற சொல்லைக் கேட்டே தலைமுறை தலைமுறையாகச் சேரியில் கிடந்தவர்களுக்கு இந்தச் சமாதானம் புதிதல்ல.

ஐரோப்பாவில் விளைவு இன்னும் மோசம். வியன்னாவில் லிஸ்ட், லான்ஸ் என்ற இருவர் இந்த ஏணியை மட்டும் உருவி எடுத்துக் கொண்டார்கள். சகோதரத்துவத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆரிய ரத்தம் என்ற வெறிக்கு அது எண்ணெய் ஆயிற்று. அதே வெறியில் வந்த ஹிட்லர் ஆட்சி, பிரம்மஞான சபையை ஜெர்மனியில் தடை செய்தது. எல்லாரும் சகோதரர் என்ற பகுதி அவர்களுக்கு ஆகவில்லை!

மனிதர்களை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரிக்க ஆதாரம் இல்லை என்று 1950-ம் ஆண்டு யுனெஸ்கோ அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். உலகில் எந்த இருவரை எடுத்து மரபணுவை ஒப்பிட்டாலும் சுமார் 99.9 சதவீதம் ஒன்றாகவே இருக்கிறது என்பது இன்று எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி.

அடையாறு சேரியில்

நூலை விட்டுவிட்டு இனி மனிதர்களைப் பார்ப்போம்.

ஆல்காட் குடியிருந்த அடையாறு தோட்டத்தின் பக்கத்திலேயே சேரி இருந்தது. உலக சகோதரத்துவம் பேசுகிற சபைக்குச் சுவருக்கு அப்பாலேயே பரீட்சை. 1894-ம் ஆண்டு ஆல்காட் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். நாளடைவில் சென்னையில் இத்தகைய பள்ளிகள் பல ஆயின. ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். ஆரம்பக் கல்விதான், எழுத்து, கணக்கு, வேலைக்கு உதவக்கூடிய படிப்பு. பெரிய படிப்புக்கு ஆசைப்பட வைப்பது ஆல்காட்டின் எண்ணமாக இருக்கவில்லை. இருந்தாலும், அந்தப் பிள்ளைகளை உள்ளே விடாத பள்ளிகளே எங்கும் நிறைந்திருந்த காலம் அது.

ஆல்காட்டுக்குப் பிறகு சபைக்குத் தலைவரானவர் அன்னி பெசண்ட் அம்மையார். அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் 1909-ம் ஆண்டு அவர் எழுதிய ஒரு கட்டுரையில், ஒடுக்கப்பட்ட குழந்தைகளின் உணவுப் பழக்கமும் சுத்தக் குறைவும் காரணமாக அவர்களை உயர்சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக்கூடாது என்று வாதாடினார். பல ஆண்டுகள் கழித்து அம்பேத்கர் தம் நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார். சகோதரர்தான், ஆனால் தனிப் பெஞ்சு!

பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு இது புரியும். முன்பணம் எவ்வளவு என்று பேச்சு வருவதற்கு முன்பே, "நீங்க எந்த ஊரு? சைவமா?" என்று கேள்வி வந்துவிடும்.

தங்கவயலுக்குப் போன வெளிச்சம்

ஆல்காட்டின் உதவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைத் தம் வழியில் கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. அவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1898-ம் ஆண்டு பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்தார். எங்கள் முன்னோர் சாதியில்லாத பௌத்தர்கள். அதை இழந்ததால்தான் தாழ்த்தப்பட்டோம். அந்த மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்பது அவர் கோரிக்கை. ஆல்காட் ஏற்பாடு செய்ய, பண்டிதர் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆயிற்று.

அடையாற்றிலிருந்து வந்த உபதேசத்துக்கும் பண்டிதரின் உபதேசத்துக்கும் வித்தியாசம் என்ன? அவர்கள் மேலிருந்து கை நீட்டினார்கள். இவர் அந்த ஏணியையே மறுத்தார். கீழ்ப்படியில் நிற்பவன் பின்தங்கியவன் அல்ல, தள்ளப்பட்டவன் என்றார்.

அந்தப் பத்திரிகையை ஆவலோடு வாங்கிப் படித்தவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும்! வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் பௌத்த சங்கம் நடத்தினார்கள். பகலில் பாறையைக் குடைந்தவர்கள் மாலையில் கூடி ஒருவர் படிக்க மற்றவர் கேட்டார்கள். பண்டிதர் 1914-ம் ஆண்டு காலமானார். பிற்பாடு 1926-ம் ஆண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் நடத்தினார். பண்டிதரின் எழுத்துகள் பல அழியாமல் நம் கைக்கு வந்ததற்குத் தங்கவயல் தொழிலாளர்களின் காசும் ஒரு காரணம்.

சுரங்கம் 2001-ம் ஆண்டு மூடப்பட்டது. தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியற்காலை ரெயிலேறி பெங்களூர் வந்து வேலை பார்க்கிறவர்களில் பலர், அந்தச் சங்கங்களில் உட்கார்ந்து கேட்டவர்களின் பேரப் பிள்ளைகள்.

பஜனை மடத்திலிருந்து ஆலை வாசலுக்கு

இனி வாடியாவிடம் வருவோம்.

1881-ம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். வீட்டில் ஜவுளி வியாபாரம். அதை விட்டுவிட்டு அடையாறு வந்து சபையின் புத்தக வெளியீட்டையும், பெசண்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகை வேலையையும் பார்த்தார். 1917-ம் ஆண்டு சுயாட்சிக் கிளர்ச்சிக்காகப் பெசண்ட் அம்மையாரோடு சர்க்கார் இவரையும் ஊட்டியில் காவலில் வைத்தது.

பெரம்பூரில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு கடைக்காரர்கள் இருந்தார்கள். பக்கத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். பின்னி கம்பெனி நிர்வாகம். இவர்கள் நடத்திய பக்தி சபைக்கு ஆலைத் தொழிலாளர்கள் வருவார்கள். கதை கேட்க வந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லி அழுதார்கள். 1911-ம் ஆண்டுச் சட்டப்படி ஜவுளி ஆலையில் ஓர் ஆளிடம் நாளொன்றுக்குப் 12 மணி நேரம் வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி. கை கழுவவும் வரிசையில் நிற்கவுமே அதில் பாதி போய்விடும்.

கடைக்காரர் இருவரும் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் வாடியா. பெரம்பூருக்கு வந்து பார்த்தார். பிறகு கூட்டம் கூட்டமாகப் பேசினார். அவர் ஆங்கிலத்தில் பேச, உடனிருந்தவர்கள் தமிழாக்கிச் சொன்னார்கள். திரு.வி. கலியாணசுந்தர முதலியார் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். பேதமற்ற சகோதரத்துவம் என்று நூலில் படித்ததை, மாதச் சந்தா கட்டி ஒரே சங்கத்தில் சேருவது என்று மாற்றிக் காட்டினார் வாடியா. ஒரே சங்கத்தில் நாயுடுவும் முதலியாரும் முஸ்லிமும் ஆதிதிராவிடரும் உறுப்பினர்கள்!

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1920-ம் ஆண்டு தொழிலாளரைத் தூண்டியதாக வாடியா மீதே ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கத்தைக் காக்கச் சட்டம் இல்லாத காலம். வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926-ம் ஆண்டு வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

மறு ஆண்டு, 1921-ல், பெரிய வேலைநிறுத்தம் வந்தது. திரு.வி.க. சங்கத்தை நடத்திக் கொண்டிருந்தார். இந்த முறை ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. முந்தைய கதவடைப்பில் கடன்பட்டு நொந்திருந்தார்கள். கையில் நிலமும் இல்லை, கடன் கொடுக்க உறவும் இல்லை. சங்கம் நமக்கானது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு வரவில்லை. கம்பெனியும் சர்க்காரும் இந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டன. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. வேலைநிறுத்தம் தோற்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே மேடையின் கீழ் நின்று கேட்டவர்கள்தான் ஒருவர் குடிசைக்கு ஒருவர் தீ வைத்துக் கொண்டார்கள். யார் மீது குற்றம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. என் மனதில் படுவது இதுதான்: ஆலைக்குள் ஒரே தறி என்றாலும், ஆலை மணி அடித்த பிறகு அவர்கள் போன தெருக்கள் வேறு வேறு. சங்கம் ஆலை வாசல் வரைதான் போயிற்று. தெருவுக்குள் போகவில்லை.

பெயர் போடாத எழுத்து

1922-ம் ஆண்டு வாடியா அடையாறு சபையை விட்டும் விலகினார். காரணம் தொழிற்சங்கம் அல்ல. சபை பிளாவட்ஸ்கி அம்மையார் காட்டிய பழைய பாதையை விட்டு விலகிவிட்டது என்பது அவர் கருத்து. உலக குரு வரப்போகிறார் என்று இளைஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியை முன்னிறுத்தி நடந்த ஆரவாரமெல்லாம் அவருக்கு ஒப்பவில்லை. (அந்தக் கிருஷ்ணமூர்த்தியே 1929-ம் ஆண்டு ஹாலந்தில் பல ஆயிரம் பேர் கூடிய முகாமில், தமக்காக ஏற்படுத்திய அமைப்பைக் கலைத்துவிட்டார்.)

வாடியா சேர்ந்தது 1909-ம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய ஐக்கிய பிரம்மஞான அமைப்பில். அங்கே தலைவர் கிடையாது. பதவிகள் கிடையாது. எழுதுகிறவர் பெயர் போட்டுக் கொள்வதில்லை. படியில் யார் மேலே, யார் கீழே என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. மறைஞான நூலில் இருந்த ஏணியை அவர் கடைசிவரை மறுத்ததாகச் சொல்ல முடியாது. பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல்களே அவருக்குப் பிரமாணம். ஆனால் சொந்த வாழ்க்கையில் பேதம் பார்க்கவில்லை. அவர் மணந்த சோபியா அம்மையார் தென் அமெரிக்காவில் கொலம்பியாவில் பிறந்தவர்.

கடைசிக் காலத்தில் இருவரும் பெங்களூரில் தங்கினார்கள். பசவனகுடி நிலையம் அப்போது எழுந்ததுதான். 1958-ம் ஆண்டு ஆகஸ்டில் வாடியா இங்கேயே காலமானார்.

இதே ஊரிலும் ஒரு பின்னி மில் இருந்தது. பெரம்பூரில் இவர் மேல் வழக்குப் போட்ட அதே கம்பெனியின் நிர்வாகம். அதை நம்பிப் பல தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்தன. அந்த மில்லில் ஷிப்டு முடிந்து வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், தங்கள் அப்பன் பாட்டன் காலத்துச் சங்கத் தலைவர் சில மைல் தூரத்தில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து பெயர் போடாமல் எழுதிக் கொண்டிருக்கிறார் என்று?

பெயர் போட்டுக்கொள்ள விரும்பாதவருக்கு ஊர்க்காரர்கள் ஒரு தெருவையே பெயராக எழுதி வைத்துவிட்டார்கள். பலகையில் கன்னடத்திலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. அடுத்த முறை காந்தி பஜாருக்குப் போகும்போது படிப்பகத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். வாசலில் யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.